சோப்பு போட்டா ரத்தம் வராது!

ஆபீசுக்கு நேரமாச்சேன்னு சோப்பு போடாமல் ஷேவ் செய்திருக்கிறீர்களா? அந்த எரிச்சல் ஞாபகம் இருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குப் புரிந்துவிட்டது!

1994. அம்பத்தூரில் ஒரு சின்னப் பட்டறையில் நான் அப்ரென்டிஸ். கையில் டங்ஸ்டன் கார்பைடு 'டை' ஒன்று. கார்பைடு லேசுப்பட்ட ஆசாமி இல்லை. எஃகையே வெட்டுகிற ரகம். அதைத் தேய்க்க வைரத்தூள் பதித்த வீல்தான் கதி.

சாயங்கால சினிமா டிக்கெட் வேறு பாக்கெட்டில் உறுத்தியது. அவசரத்தில் அழுத்தித் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. ஃபோர்மேன் ஒன்றும் பேசாமல் சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பவுடர் அடித்தார். சிலந்தி வலை மாதிரி சிவப்புக் கோடுகள்! சூட்டில் வெடிப்பு விட்டிருந்தது.

"இந்த மாசம் சம்பளம் கிடையாது!" என்று கத்தினார் முதலாளி.

"பையன் மேல தப்பு பாதிதான் சார். மீதித் தப்பு நம்ம முறையில இருக்கு" என்றார் ஃபோர்மேன்.

மறுநாள் என்னை வேறொரு பட்டறைக்குக் கூட்டிப்போய் ஒரு மெஷினைக் காட்டினார். எலெக்ட்ரோ கெமிக்கல் கிரைண்டிங். அதே வைர வீல்தான். ஆனால் வீலுக்கு மைனஸ், ஜாபுக்கு ப்ளஸ். நடுவே உப்புக் கரைசல் பாய்கிறது. வோல்டேஜ் கார் பேட்டரி அளவுதான், ஆம்பியரோ நூற்றுக்கணக்கில்! கார்பைடின் மேல்தோல் கரைந்து மெத்தென்று படலமாகிவிடும். வைரம் அதை வழித்தெடுத்தால் போதும். வேலையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மின்சாரத்துடையது. அழுத்தம் குறைவு, சூடு குறைவு, வெடிப்பு இல்லை. வீலும் சீக்கிரம் தேயாது.

"சோப்பு போட்டு ஷேவ் பண்ற மாதிரி தம்பி" என்றார்.

இப்படி இரண்டு முறைகளுக்குக் கல்யாணம் பண்ணி வைப்பதுதான் 'ஹைபிரிட் ஃபினிஷிங்'. மின்சாரம் பாயாத கண்ணாடிக்கு வேறு ஜோடி. இரும்புத்தூளும் சீரியம் ஆக்சைடும் கலந்த குழம்பு, காந்தத்தைக் கண்டதும் கெட்டியாகி லென்ஸை மழமழவென்று தேய்த்துக் கொடுக்கும். 1990களில் மின்ஸ்க் விஞ்ஞானிகளும் அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரத்தவர்களும் சேர்ந்து வளர்த்த வித்தை இது.

கல்யாணம் என்றால் சண்டையும் உண்டே! உப்புத் தண்ணீர் மெஷினையே துருப்பிடிக்க வைக்கும். எங்கள் பட்டறைக்கும் பிறகு ஒரு பழைய மெஷின் வந்தது. தினமும் துடைத்தது யார் என்று கேட்காதீர்கள்.

சம்பளமா? பாதி வந்தது. மீதியைக் கேட்டேன்.

"பாதித் தப்பு உன்னுது, அதுக்கு கட். வேணும்னா அந்த 'முறை'கிட்ட போய் வாங்கிக்க!" என்றார் முதலாளி.