உங்களுக்குத் தெரியுமா? நள்ளிரவு ஆராதனைக்கு நாள் குறித்தது நிலா!

டிசம்பர் 31 இரவு. நெல்லைச் சீமை எங்கும் போலவே, சங்கரன்கோவில் வட்டாரத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களும் பன்னிரண்டு அடிக்குமுன் தேவாலயத்தில் கூடிவிடும். மணி அடித்ததும் கைகொடுத்து வாழ்த்து. பல சபைகளில் புத்தாண்டுக்கான வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையும் கிடைக்கும்; பழையது வேதாகமத்துக்குள் போகும், புதியது பீரோ கதவில் ஏறும்.

இந்த விழிப்பு ஆராதனையின் பின்னணியில் இங்கிலாந்தின் கிங்ஸ்வுட் நிலக்கரித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமை இரவுகளைச் சாராயக் கடையில் கழித்தவர்கள், மனந்திரும்பியபின் அதே இரவுகளில் ஜெபிக்க உட்கார்ந்தார்கள். இதை நிறுத்தச் சொல்லுங்கள் என்றுகூட மெதடிஸ்ட் இயக்கத் தலைவர் ஜான் வெஸ்லிக்குச் சிலர் யோசனை சொன்னார்கள். அவரோ 1740களில் அதையே ஒழுங்குபடுத்திவிட்டார். பௌர்ணமியை ஒட்டிய வெள்ளிக்கிழமைதான் அவர் குறித்த நாள். தெருவிளக்கு இல்லாத காலம், வீடு திரும்ப வெளிச்சம் வேண்டாமா! ஆண்டின் கடைசி இரவோடு அது நிலைத்தது பிற்பாடுதான்.

வாக்குத்தத்த அட்டைக்கும் ஒரு மூத்த உறவு உண்டு. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் 1728இல் சின்சன்டார்ஃப் பிரபு நாளுக்கொரு வாசகம் கொடுக்கத் தொடங்கினார். 1731 முதல் அது ஆண்டுதோறும் நூலாக வருகிறது. பழைய ஏற்பாட்டு வசனங்களை இன்றும் சீட்டுப் போட்டே எடுக்கிறார்கள். சின்சன்டார்ஃபின் மொரேவிய சபையார் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறினார்கள்.