ஆக்சிஜனை எங்கே இறக்கணும்னு ரத்தத்துக்கு யார் சொல்றது?

கார்பன் டை ஆக்சைடுன்னா உடம்பு வெளியே தள்ள வேண்டிய கழிவுன்னுதான் பள்ளிக்கூடத்துல படிச்சோம். அது பாதிதான் சரி.

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு ரோலிங் மில். உலைப் பக்கத்துல ஒருத்தர் உழைச்சிட்டு இருக்கார்னு வைங்க. அவர் தோள் தசைக்கு ஆக்சிஜன் நிறைய வேணும்; காது மடலுக்கு அவ்வளவு வேண்டாம். ரெண்டுக்கும் போறது ஒரே ரத்தம். ஒவ்வொரு ஹீமோகுளோபினும் நாலு ஆக்சிஜனைத் தூக்கிட்டுப் போகுது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது சராசரியா ஒண்ணைத்தான் இறக்குது. எங்கே கூடுதலா இறக்கணும்னு சொல்ல மேனேஜர் யாரும் கிடையாது.

சொல்றது அமிலம். உழைக்கிற தசை விடுற கார்பன் டை ஆக்சைடை, சிவப்பணுவுக்குள்ள இருக்கிற கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி தண்ணீரோட சேர்க்குது. ஹைட்ரஜன் அயனியும் பைகார்பனேட்டும் கிடைக்குது. அந்த அயனி, ஹீமோகுளோபினோட பீட்டா சங்கிலியின் கடைசியில, 146-வது இடத்துல இருக்கிற ஹிஸ்டிடின்ல ஒட்டும். ஹிஸ்டிடினுக்கு நேர்மின்னூட்டம் வந்துடும். 94-வது இடத்து அஸ்பார்ட்டேட்டுக்கோ எதிர்மின்னூட்டம். ரெண்டும் கொக்கி போட்ட மாதிரி பிடிச்சுக்க, மொத்தப் புரதமும் இறுகி ஆக்சிஜனைக் கைவிடுது. கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு நேரடியா சங்கிலி முனைகள்ல ஒட்டியும் இதே வேலையைச் செய்யும். நுரையீரல்ல எல்லாம் தலைகீழ். 1904-ல கிறிஸ்டியன் போரும் கூட்டாளிகளும் வெளியிட்ட விஷயம் இது. (நீல்ஸ் போரோட அப்பாதான்.)

ரத்தத்தோட பி.எச். 7.4-லேர்ந்து 7.2-க்கு இறங்கினா, 0.2தானேன்னு தோணும். லாக் கணக்குங்க; ஹைட்ரஜன் அயனி ஒண்ணரை மடங்குக்கும் மேல ஆயிடும்.

இப்போ அதே சிப்காட்ல, கழிவு புளிச்சுக் கிடக்கிற ஒரு மூடின தொட்டி. உள்ளே காத்துல 6 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்திருக்குன்னு வைங்க. நாம விடுற மூச்சுலேயே சுமார் 4 சதவீதம்தான். அப்புறம் ரத்தத்துல இருக்கிறது எப்படி வெளியேறும்? அமிலம் ஏறிக்கிட்டே போகும். தலைவலி, குழப்பம், மயக்கம். அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 4 சதவீதத்தையே உயிருக்கு உடனடி ஆபத்துன்னு வச்சிருக்கு.

ஆனா ஆக்சிஜன் மீட்டர் கத்தாது. 20.9-ல 6 சதவீதம் கழிச்சுப் பாருங்க: 19.6. அலாரம் வழக்கமா 19.5-லதான். சாதாரண நாலு வாயு மீட்டர் பார்க்கிறது ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு. கார்பன் டை ஆக்சைடு அந்தப் பட்டியல்லேயே இல்ல. அதுக்குத் தனி சென்சார் கேட்டு வாங்கணும். அதையும் வாய்ப்பக்கம் காட்டிட்டு எடுத்துடாம, அடி வரைக்கும் கயித்துல இறக்கிப் பார்க்கணும். காத்தை விட ஒண்ணரை மடங்கு கனம், கீழேதான் தேங்கி நிற்கும்.