மோட்டார் வண்டியின் முகப்புக் கிராதியும் அதன் செப்பனீடும்

மோட்டார் வண்டியின் முன்புறத்தில், இரு விளக்குகளுக்கும் இடையே, பட்டைகளும் இடைவெளிகளுமாக அமைந்த உறுப்பினை முகப்புக் கிராதி என்று கூறலாம். பட்டறைகளில் இதனை 'கிரில்' என்றே வழங்குவர். காண்போர்க்கு இது வண்டியின் அணிகலன் போலத் தோன்றும். ஆயின் இதன் முதற்பணி அலங்காரமன்று. எஞ்சினில் எரியும் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, குளிர்விக்கும் நீரின் வழியாகவே வெளியேற்றப்படுகின்றது. அந்நீரின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டருக்குக் காற்று புகும் வாயில் இக்கிராதியேயாகும். சாலையில் தெறிக்கும் கற்கள் ரேடியேட்டரைத் தாக்காவண்ணம் தடுப்பதும் இதன் கடமை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கள ஆய்வுக் குழு ஒன்றுடன் இக்கட்டுரையாளர் சாத்தாராவிலிருந்து மகாபலேஸ்வரத்திற்குச் செல்ல நேர்ந்தது. மலையடிவாரத்தில் எங்கள் வண்டி, முன்னே திடீரென நின்ற கரும்பு வண்டியின் பின்புறத்தில் மெல்ல மோதிற்று. எவருக்கும் காயமில்லை, கிராதியின் மூன்று பட்டைகள் மட்டும் முறிந்தன. ஓட்டுநர், கல்லும் புழுதியும் புகாதிருக்கும் பொருட்டு, உடைந்த இடத்தின்மீது ஒரு சாக்கினை இழுத்துக் கட்டினார். நல்லெண்ணத்தோடு செய்த காரியமே. ஆனால் மலையேற்றம் தொடங்கிச் சிறிது நேரத்திற்குள் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நெருங்கிற்று. நீர் ஒழுகிவிட்டதோ என அனைவரும் ஐயுற்றோம். சாக்கினை அவிழ்த்து, எஞ்சினை நிறுத்திக் காத்திருந்த பின்னரே உண்மை விளங்கிற்று. மலையேற்றத்தில் எஞ்சினின் சுமை மிகுதி. வண்டியின் வேகமோ குறைவு. ஆதலால் காற்றின் வரத்தும் குறைவு. அச்சமயத்தில் எஞ்சிய வாயிலையும் அடைத்துவிட்டோம். அவ்வாறே மேலும் சென்றிருப்போமாயின், அலுமினியத்தாலான எஞ்சின் தலைப்பகுதி கோணிப் போயிருக்கக்கூடும். அதனைச் சீர்செய்ய ஆகும் செலவு, புதிய கிராதியின் விலையைப் போல் பன்மடங்காகும். உடைந்த கிராதியை விட, அதனை மூடி மறைக்கும் முயற்சியே பெருந்தீங்கு விளைவிக்கும் என்பதனை அன்று கற்றோம்.

மோதல் நிகழ்ந்தவுடன் உடைந்த துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவைத்தல் வேண்டும். அவை பின்னர்ப் பயன்படும். துறை வண்டியாயின் செப்பனிடுமுன் புகைப்படம் எடுத்து மேலதிகாரிக்கு அறிவித்தலும், காப்பீட்டுக்கு உட்பட்டதாயின் அந்நிறுவனத்துக்குத் தெரிவித்தலும் முறை. அதன்பின் கிராதியை விடுத்து அதன் பின்னால் உள்ளவற்றை நோக்குக. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் மடிந்துள்ளனவா, வண்டியின் அடியில் நிறமுள்ள நீர் சொட்டுகின்றதா, மின்விசிறி தன் கூட்டில் உரசாமல் சுழல்கின்றதா என ஆராய வேண்டும். குளிர்சாதனம் உள்ள வண்டிகளில் ரேடியேட்டருக்கு முன்பாகக் கண்டென்சர் அமைந்திருக்கும். அதன்மீது எண்ணெய்க் கறை புதிதாகத் தென்படின் குளிர்பொருள் கசிகின்றது எனக் கொள்ளலாம். அழுத்தத்தில் உள்ள அக்குழாய்களை நாமே கழற்றுதல் கூடாது.

இவை யாவற்றினும் முதன்மையானது பானெட்டின் பூட்டு. பெரும்பாலான வண்டிகளில் இது கிராதிக்கு மேலே, குறுக்குச் சட்டத்தில் பொருத்தப்பட்டுள்ளது. சிறு மோதலிலும் சட்டம் சற்றே பின்வாங்கினால் பூட்டு முழுமையாகப் பற்றாது. ஓடும் வண்டியில் பானெட் திறந்து கண்ணாடியை மறைப்பின் நேரும் இன்னலை விளக்க வேண்டியதில்லை. பானெட்டை நாலைந்து முறை திறந்து மூடி, முதற்பூட்டும் காப்புக் கொக்கியும் தனித்தனியே பற்றுகின்றனவா எனச் சோதித்தல் இன்றியமையாதது. ஐயமிருப்பின் வண்டியை ஓட்டாது பட்டறைக்கு இழுத்துச் செல்க.

சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறத்தலாகாது. அம்மூடி, வளிமண்டல அழுத்தத்திற்கு மேல் ஏறத்தாழ மற்றொரு வளிமண்டல அழுத்தத்தை உள்ளே நிறுத்தி வைக்கின்றது. அந்நிலையில் தூய நீரும் சுமார் 120 பாகை செல்சியசில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் வீழ்ந்து, நீர் ஒருங்கே கொதித்துப் பீறிடும். பிரஷர் குக்கரைச் சுட்டி ஆசிரியர்கள் இதனை எளிதில் விளக்கலாம்.

இனிச் செப்பனீடு. 1958 முதல் 2014 வரை உற்பத்தியான அம்பாசிடர் போன்ற பழைய கார்களின் கிராதிகள் உலோகத்தாலானவை, மோதினால் வளையும். பின்புறம் ஒரு கட்டையைத் தாங்கலாக வைத்து, மரச்சுத்தியால் சிறுகச் சிறுகத் தட்டி அவற்றை நிமிர்த்தலாம். இக்காலக் கிராதிகள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கினால் ஆனவை, இவை முறியும். இங்குதான் பலர் தவறுகின்றனர். கடையில் கிடைக்கும் ஏதேனும் ஒரு பசையை அப்பிவிட்டு, ஒரு வாரத்தில் அது பெயர்ந்ததும் பசையைப் பழிக்கின்றனர். பிளாஸ்டிக் என்பது ஒரே பொருளன்று; இன்னதென அறிந்த பின்னரே பசையைத் தேர்தல் வேண்டும்.

கிராதியின் பின்புறத்தில் அதன் வகை சிறிய எழுத்துக்களில் வார்க்கப்பட்டிருக்கும். ஏ.பி.எஸ். என்றும் பி.பி. என்றும் இரு வகைகளையே மிகுதியாகக் காணலாம். முன்னது அக்ரிலோநைட்ரைல், பியூட்டடையீன், ஸ்டைரீன் ஆகிய மூன்றின் கூட்டு. குழந்தைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி விளையாடும் கட்டைகள் பல இதனால் செய்யப்பட்டவையே. பின்னது பாலிபுரொப்பிலீன். எழுத்துக்கள் தெரியாதவிடத்து ஒரு சிறு துண்டினை நீரிலிடுக. தூய பாலிபுரொப்பிலீனின் ஒப்படர்த்தி சுமார் 0.9 ஆதலின் மிதக்கும்; ஏ.பி.எஸ். நீரைவிடச் சற்றுக் கனமானது, ஆழும். எனினும் மாக்கல் பொடி கலந்து வார்த்த பாலிபுரொப்பிலீனும் ஆழக்கூடும். ஆகவே மிதந்தால் ஐயமில்லை. ஆழ்ந்தால் மறைவான ஓரத்தில் ஒரு துளி அசிட்டோன் இட்டுப் பார்க்க வேண்டும். ஏ.பி.எஸ். பிசுபிசுப்பாக இளகும், பாலிபுரொப்பிலீன் மாறாது. கொளுத்திப் பார்க்கும் சோதனையை வகுப்பறையில் செய்தல் வேண்டா, ஏ.பி.எஸ். எரியுங்கால் நச்சு வாயுக்கள் தோன்றும்.

கிராதியைக் கழற்றுமுன் பேட்டரியின் எதிர்முனையை விலக்குக. எஞ்சின் நின்ற பின்னும் தானே சுழலத் தொடங்கும் மின்விசிறிகள் உண்டு. குளிர்ந்த காலையில் கிளிப்புகள் எளிதில் முறியுமாதலால் சற்று வெயிலேறிய பின் கழற்றுவது நலம்.

ஏ.பி.எஸ். கிராதியாயின், உபயோகமற்ற அதே வகைத் துணுக்குகளை அசிட்டோனில் கரைத்துத் தயிர்ப் பதமாக்கிக் கொள்ள வேண்டும். விரிசல் முடியும் நுனியில் 2 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளையிடுக. கூரிய நுனியில் குவியும் விசை துளையின் வளைவில் பரவுவதால் விரிசல் மேலும் ஓடாது. பின்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து, துண்டுகளைப் பொருத்தி, குழைவைப் பூசி, அதன்மீது மெல்லிய கம்பி வலையைப் பதித்து, மீண்டும் பூசுக. இது வெறும் ஒட்டு அன்று. இரு பக்கத்துப் பிளாஸ்டிக்கும் கரைந்து ஒன்றாகின்றன. ஒரு முழு நாள் உலர விடுதல் வேண்டும். அசிட்டோனின் ஆவி மிக எளிதில் தீப்பற்றுமாதலால், இவ்வேலையைத் திறந்த வெளியில், நெருப்பின்றிச் செய்க. முன்புறம் குரோமியப் பூச்சு உடையதாயின் அப்பூச்சின்மேல் எதுவும் பற்றாது. பின்புறமே நமக்குரிய இடம்.

பாலிபுரொப்பிலீன் மீது அசிட்டோனுக்கு ஆற்றலில்லை. சாதாரண எப்பாக்ஸியும் தோல்போல் உரிந்துவிடும். இது ஏறத்தாழ 160 பாகையில் உருகுவது. ஆதலின் அகன்ற முனையுள்ள சால்டரிங் கோலால், அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியை உருக்கி இணைத்தலே வழி. கோலை நெடுநேரம் ஒரே இடத்தில் அழுத்தினால் பொருள் கருகி வலுவிழக்கும். கைப்பழக்கம் வேண்டும் வேலை இது. முதலில் உடைந்த வாளி ஒன்றில் பழகிக் கொள்ளலாம். அவசரத்திற்கு, விரிசலின் இருபுறமும் துளையிட்டு நைலான் பட்டைகளால் தைத்துக் கட்டுவதும் தவறன்று. அழகில்லை எனினும் ஊர் சேரும்வரை தாங்கும்.

வண்டியுடன் பிணைக்கும் காதுகள் இரண்டுக்கு மேல் முறிந்திருப்பின் புதிய கிராதி வாங்குவதே சிக்கனம். பல்லாண்டு வெயிலில் நின்று நொறுங்கும் நிலையடைந்ததற்கும் இதுவே விதி; ஒட்டிய இடத்திற்கு அருகே மீண்டும் உடையும். அண்மைக் காலத்து வண்டிகள் சிலவற்றில் சின்னத்தின் பின்னே ராடார் கருவி உள்ளது. அங்கு பசையோ வலையோ வண்ணமோ இடுதல் கூடாது.

இனி மோதல் நேராதிருக்க முன்புறம் இரும்புக் குழாய்ச் சட்டம் பொருத்தலாமே என்பர் சிலர். அச்சட்டங்கள் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவுக்கு முரணானவை எனச் சுட்டி, அவற்றின்மீது நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிற்று. நடந்து செல்வோர்க்கு அவை கொடியவை; காற்றுப்பை உரிய நேரத்தில் விரிவதையும் கெடுக்கக்கூடும்.

செப்பனிட்ட கிராதியைப் பொருத்தியபின், விசிறி தானே சுழலத் தொடங்கும்வரை எஞ்சினை நின்ற நிலையில் ஓடவிட்டு வெப்பமானியைக் கவனிக்க. பின்னர் மேடு பள்ளமான பாதையில் ஒரு மைல் ஓட்டி, கிளிப்புகளையும் பானெட்டின் பூட்டையும் மறுமுறை தொட்டுப் பார்த்தல் வேண்டும்.