மருந்துக்கடைக்கு எதிரே ஒரு நூலகம்

பயிரில் புழு விழுந்தால் முதலில் எங்கே போகிறோம்? மருந்துக்கடைக்குத்தான். விற்கிறவரையே வைத்தியராகவும் வச்சிக்கிட்டோம். 2017-ல் பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகள் சிலர் உயிரையே விட்டார்கள். அடுத்த வருஷம் மக்காச்சோளத்தில் படைப்புழு. அப்பவும் கூட்டம் கடை வாசலில்தான்.

கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்கென்று இன்னொரு இடம் இருக்கு. அதுக்குக் காசு கட்டுறதும் நாமதான். 1948-ல் வந்த பொது நூலகச் சட்டப்படி, வீட்டுவரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது. வரி ரசீதை எடுத்துப் பாருங்க. காசு கொடுத்த பொருளை வாங்காமலே திரும்பி வர்ற ஆளுங்க நாமதான்!

1931-லேயே மன்னார்குடி பக்கம் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். இங்கே செந்துறை பக்கம் குழுமூரில், மருத்துவராகும் கனவோடு 2017-ல் மறைந்த அனிதாவின் பெயரில் குடும்பத்தார் நூலகம் அமைத்தார்கள். 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் வந்தது. அதில் பல பூட்டிக் கிடக்கின்றன. பூட்டைத் திறக்கச் சொல்லிக் கிராமசபையில் கேட்க வேண்டியது நம்ம வேலை.

திறந்தால் என்ன செய்யலாம்? படைப்புழுவையே எடுத்துக்குவோம். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்பிண்ணாக்கு. வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி. புழுவின் முட்டையிலேயே முட்டையிட்டு அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவி. இதெல்லாம் அச்சில் இருக்கிற சேதிதான். ஒருத்தர் சத்தமாக வாசித்தால் எழுத்துத் தெரியாத பெரியவரும் கேட்பார். “எங்க கொல்லையில இப்படிச் செஞ்சோம்”னு அவர் சொல்றது புத்தகத்திலேயே இருக்காது. அதையும் ஒரு நோட்டில் எழுதி அங்கேயே வைக்கணும்.

டீக்கடையில் உட்கார்ந்து பேசப் பெண்களுக்குத் தோதுப்படாது. ஊர்ச் சாவடியில் எல்லாத் தெருக்காரரும் ஒண்ணா உட்காருவாங்களான்னு நமக்கே தெரியும். நூலக பெஞ்சு அரசாங்க பெஞ்சு. அங்கே யாரும் யாரையும் எழுப்ப முடியாது. களையெடுப்பும் விதை சேமிப்பும் பெண்கள் கையில் இருக்கும்போது, அவங்க வராத கூட்டத்தில் இயற்கை விவசாயம் பேசி என்ன பிரயோசனம்?

உங்க ஊர் நூலகத்தில் வாசகர் வட்டம் இருந்தால் சேருங்க. ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ வேணும், நம்மாழ்வார் புத்தகங்கள் வேணும்னு நாலு பேர் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுங்க. இந்த இதழையும் படிச்சு முடிச்சதும் அங்கே போடுங்க. நூலகர் சம்மதித்தால் ஒரு அலமாரித் தட்டில் நாட்டு விதை டப்பாக்களும் வைக்கலாம்: கத்தரி, அவரை, சுரை. ஒரு கைப்பிடி எடுத்தவர் அறுவடைக்கப்புறம் இரண்டு கைப்பிடி திருப்பித் தரணும். ஆடிப்பட்டத்துக்கு முன்னாலேயே தட்டு நிறைஞ்சிருக்கணும்.