உங்களுக்குத் தெரியுமா? தைராய்டு: கழுத்தடியில் 20 கிராம்

★ கண்ணாடி முன்னால் நின்று, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துப் பாருங்கள். குரல்வளை மேட்டுக்குக் கீழே வீக்கம் தெரிந்து, விழுங்கும்போது அது மேலே ஏறி இறங்கினால் பெரும்பாலும் அது தைராய்டுதான். மூச்சுக்குழாயின் முன்புறம் ஒட்டியிருப்பதால் இந்தச் சுரப்பி ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் கூடவே நகரும். கழுத்தைத் தொட்டபடி மருத்துவர் தண்ணீர் குடிக்கச் சொல்வது இதற்காகத்தான். பெரியவர்களுக்கு இதன் எடை சுமார் 20 கிராம்.

★ கருவில் இது முளைவிடுவது கழுத்தில் அல்ல, நாக்கின் அடிப்பகுதியில். அங்கிருந்து கீழிறங்கி, ஏழாவது வாரவாக்கில் தன் இடத்துக்கு வந்து சேர்கிறது. சிலருக்கு இறங்காமல் நாக்கடியிலேயே தங்கிவிடுவதும் உண்டு.

★ நம் உடம்பில் இருக்கும் மொத்த அயோடின் 15 முதல் 20 மில்லிகிராம். அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த ஒரு சுரப்பிக்குள் இருக்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். 70 வருஷத்துக்குக் கணக்குப் போட்டாலும் மொத்தம் 4 கிராமைத் தொடாது. ஆனால் மிகுதியானது சிறுநீரில் போய்விடுவதால், அன்றாடம் கொஞ்சம் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

★ ரத்தப் பரிசோதனை முடிவில் வரும் டி4, டி3 என்ற பெயர்களில் உள்ள எண்கள், அந்த ஹார்மோனில் எத்தனை அயோடின் அணுக்கள் இருக்கின்றன என்பதைச் சொல்கின்றன. சுரப்பி அனுப்புவதில் பெரும்பகுதி டி4. உண்மையில் வேலை செய்வது டி3. கல்லீரல், சிறுநீரகம், மூளை போன்ற இடங்களில் டி4லிருந்து ஓர் அயோடின் அணு கழற்றப்பட்டு டி3 ஆகிறது. கழற்றும் நொதிகளுக்கு செலினியம் என்ற நுண்சத்து தேவை. சுரப்பிக்குள் இரண்டு, மூன்று மாதத்துக்கான இருப்பு எப்போதும் இருப்பதால், அயோடின் வரத்து குறைந்த உடனே உடம்பு காட்டிக்கொடுப்பதில்லை.

★ டி3 செல்லின் உட்கருவுக்குள் போய் மரபணுக்களையே இயக்குகிறது. எவ்வளவு எரிபொருளைச் செலவழிப்பது, எவ்வளவு வெப்பம் உண்டாக்குவது, இதயம் எத்தனை வேகத்தில் துடிப்பது, குடல் எத்தனை சுறுசுறுப்பாக அசைவது எல்லாம் அதன் பொறுப்பு. அதனால்தான் அது குறையும்போது குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி உதிர்தல், மந்தம், மாதவிடாயில் மிகுந்த உதிரப்போக்கு என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தொல்லைகள் ஒரே ஆளிடம் வந்து சேர்கின்றன. கூடும்போது படபடப்பு, கைநடுக்கம், வியர்வை, நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பு. இவற்றை வயசாகிவிட்டது என்றும், வீட்டு வேலையில் சலிப்பு என்றும் வருஷக்கணக்கில் ஒதுக்கித் தள்ளுகிற பெண்கள் நம்மிடையே நிறைய. ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் கோளாறு பல மடங்கு அதிகம்.

★ 1912ல் குடர்னாட்ஷ் என்ற ஆய்வாளர் தவளைக் குஞ்சுகளுக்குக் குதிரையின் தைராய்டைத் தின்னக் கொடுத்தார். அவை உரிய காலத்துக்கு முன்பே, வளர்ச்சி முற்றாத குட்டித் தவளைகளாக மாறிவிட்டன. வாலைக் கரைத்துக் கால் முளைக்கச் செய்வதும் இதே ஹார்மோன்தான்.

★ டி.எஸ்.எச். எண் கூடுதலாக வந்தால் தைராய்டு அதிகம் சுரக்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் நேர்மாறு. டி.எஸ்.எச். தைராய்டில் உண்டாவதே இல்லை. மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை ‘வேலை செய்’ என்று ஏவ அனுப்புவது அது. மாடியில் இருக்கும் பிள்ளை பதில் சொல்லாவிட்டால் கீழே நிற்கும் அம்மாவின் குரல் உயர்ந்துகொண்டே போகுமே, அதுபோல தைராய்டு சுணங்கினால் டி.எஸ்.எச். ஏறும், தைராய்டு தேவைக்கு மேல் சுரந்தால் அது அடங்கிவிடும். அந்த பிட்யூட்டரியை ஏவுவது மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி சுரக்கும் இன்னொரு ஹார்மோன். அதை மில்லிகிராம் அளவில் பிரித்தெடுக்கவே லட்சக்கணக்கான ஆட்டு மூளைகள் தேவைப்பட்டன. 1969ல் அதன் அமைப்பைக் கண்டறிந்த கியமான், ஷாலி இருவரின் பெயரும் 1977 நோபல் பட்டியலில் இருக்கிறது.

★ முடி உதிர்கிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதிக அளவு பயோட்டின் சில ஆய்வக முறைகளைக் குழப்பி, இல்லாத தைராய்டு நோயை இருப்பதாகக் காட்டும். ரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு நாளாவது நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொல்வார்.

★ டி4 ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 நாள் ஆகும். தைராய்டு குறைவுக்குக் கொடுக்கும் டி4 மாத்திரை ஒருநாள் விட்டுப்போனால் எதுவும் தெரியாததற்கும், அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்தே மறுபரிசோதனை செய்வதற்கும் காரணம் அதுதான். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். காபிக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். காலையில் இது எத்தனை கஷ்டம் என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகள் பலர் இந்த மூன்றையும் ஒன்றாக விழுங்கிவிடுகிறார்கள். யாராவது ஒருவர் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

★ சுமார் 12 வாரம் வரை கருவின் தைராய்டு வேலையைத் தொடங்குவதில்லை. அதுவரை குழந்தையின் மூளை வளர்வது முழுக்க முழுக்க அம்மாவின் ஹார்மோனில். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பெண் கர்ப்பமானால் பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். நாள் தள்ளிப்போனதும் மருத்துவரைப் பார்ப்பது இதனால் முக்கியம்.

★ பிறவியிலேயே தைராய்டு குறைவோடு பிறக்கும் குழந்தைகள் உலக அளவில் 2,000 முதல் 4,000 பேருக்கு ஒன்று; இந்திய ஆய்வுகளில் இது 1,000க்கு ஒன்றை ஒட்டி வருகிறது. பெரும்பாலும் இந்தக் குழந்தை பிறந்ததும் எந்த வித்தியாசமும் தெரியாது, அம்மாவிடமிருந்து வந்த ஹார்மோன் கொஞ்ச காலம் காப்பாற்றும். பிறகு அதிகம் அழாது, நிறையத் தூங்கும், பால் குடிக்க எழுப்ப வேண்டியிருக்கும், மஞ்சள் காமாலை வாரக்கணக்கில் இழுக்கும். பார்க்க வருகிறவர்கள் ‘எவ்வளவு சமர்த்து’ என்பார்கள். அந்த வாரங்களில்தான் மூளை இழக்கக்கூடாததை இழந்துகொண்டிருக்கிறது. 1970களில் கனடாவின் கியூபெக்கில் ழான் துஸோ என்ற மருத்துவர், குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் இதைக் கண்டுபிடிக்கும் வழியைக் கொண்டுவந்தார். முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கிவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் மற்றவர்களைப் போலவே படித்து வளர்கிறார்கள். மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்கலாம். விலையும் அதிகமில்லை. பிறந்த உடனே எல்லாக் குழந்தைக்கும் டி.எஸ்.எச். எகிறும் என்பதால், பரிசோதனைக்கு ஏற்றது 48 மணி நேரத்துக்குப் பிறகு. எல்லா ஊரிலும் இது தானாக நடந்துவிடுவதில்லை. பிரசவ வார்டிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் ‘தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சா?’ என்று கேளுங்கள்.

★ சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அறுவை மருத்துவர் கோஹர், வீங்கிய தைராய்டை முழுதாக அகற்றிய நோயாளிகள் பின்னாளில் மந்தமடைந்து போனதை 1883ல் தானே வெளியிட்டார்; முழுதாக அகற்றுவதையும் கைவிட்டார். 1909ல் அவருக்கு நோபல் கிடைத்தது. அந்த மந்தத்துக்கு மருந்து 1891ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் கிடைத்தது. தைராய்டு குறைவால் உடல் ஊதிப்போன 46 வயதுப் பெண்ணுக்கு மருத்துவர் ஜார்ஜ் மரே ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியில் ஏற்றினார். அந்தப் பெண் எழுந்து நடமாடி 74 வயதுவரை வாழ்ந்தார். அதற்கு 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி செலவானது. இன்று அதே வேலையைச் செய்யும் சின்ன மாத்திரை ஆய்வகத்தில் தயாராகிறது.

★ 1956ல் மருத்துவ ஆய்வாளர் ராமலிங்கசுவாமியும் சகாக்களும் இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒன்றுக்குச் சாதா உப்பு. சில வருஷங்களில் அயோடின் உப்பு சாப்பிட்ட ஊர்களில், அயோடின் குறைவால் வரும் முன்கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962ல் கழலையைக் கட்டுப்படுத்தும் தேசியத் திட்டம் வந்தது. இன்று கடையில் வாங்கும் அயோடின் உப்பில், கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடினாவது இருக்க வேண்டும் என்பது விதி. தூத்துக்குடி கடல் உப்பிலும்கூட அயோடினைத் தனியாகச் சேர்த்தால்தான் போதுமான அளவு இருக்கும். இந்துப்புக்கும் அதேதான், ‘இயற்கை’ என்று அதற்கு முழுசாக மாறிய வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். டப்பாவை மூடி வையுங்கள், ஈரமும் வெயிலும் அயோடினைக் குறைக்கும்.

★ 1986 செர்னோபில் விபத்தில் காற்றில் கலந்த கதிரியக்க அயோடின், புல் வழியாக மாட்டுப் பாலுக்கும், பால் வழியாகக் குழந்தைகளின் தைராய்டுக்கும் போனது. சுற்றுவட்டாரத்தில் குழந்தைகளின் தைராய்டுப் புற்று கூடியது. அதே கதிரியக்க அயோடினை அளந்து கொடுத்துத்தான் இன்று தைராய்டுப் புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்கிறார்கள்.

★ தைராய்டின் முதுகுப்பக்கம் வழக்கமாக நான்கு சின்னஞ்சிறு சுரப்பிகள் உண்டு: பாராதைராய்டு. அவற்றுக்கு அயோடினோடு தொடர்பில்லை, ரத்தத்தின் கால்சியத்தைப் பார்த்துக்கொள்கின்றன. ஆங்கிலேய உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன் இவற்றை முதலில் கண்டது மனிதரில் அல்ல. 1849ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் இறந்த இந்தியக் காண்டாமிருகத்தில். தைராய்டு அறுவையில் இவை அடிபட்டால் கால்சியம் சட்டென்று இறங்கும். அறுவை முடிந்த மறுநாள், உதட்டோரமோ விரல் நுனியோ குறுகுறுத்தால் உடனே நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.