சுத்தி செய்யாத சேராங்கொட்டை

பேத்தமங்களாவில் இருக்கும் என் மாமா முழங்கால் வலிக்கு வைத்தியம் செய்யப்போய்ப் பத்து நாள் படுக்கையில் கிடந்தார். யாரோ சொன்னார்கள் என்று சேராங்கொட்டையை வாங்கிவந்து, அப்படியே தட்டி நல்லெண்ணெயில் காய்ச்சிப் பூசியிருக்கிறார். மறுநாள் கால் முழுக்கக் கொப்புளம்! "நாட்டு மருந்துதானே, என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்" என்றார். நம் குடும்பங்களில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். அதனால் இதை எழுதுகிறேன்.

சேராங்கொட்டை மாவுக்கும் முந்திரிக்கும் உறவு. சலவைத் தொழிலாளர் துணியில் அழியாத குறி போட்டது இதன் கறுப்பு எண்ணெயால்தான். தோலைப் புண்ணாக்குவதும் அதுவே. வைத்தியர்கள் கொட்டையின் மூக்கை அரிந்து, செங்கல் தூளில் போட்டுத் தேய்ப்பார்கள். எண்ணெயைத் தூள் குடித்துவிடும். பிறகு வெந்நீரில் கழுவி எடுப்பார்கள். இதற்குத்தான் 'சுத்தி' என்று பெயர். மாமா விட்டது இந்த ஒரு வேலையைத்தான்.

நம் பாட்டிமார் சுக்கின் தோலைச் சீவியதும், கடுக்காயின் கொட்டையை எறிந்ததும் சுத்திதான். எட்டிக்கொட்டை, நாபி போன்றவற்றில் விஷயம் கடுமையானது. நாபிக்கிழங்கிலுள்ள அகோனிட்டின் என்ற நஞ்சு இதயத் துடிப்பையே குலைத்துவிடும். நம் வைத்தியர்கள் அதைக் கோமூத்திரத்தில் ஊறவைத்தோ பாலில் வேகவைத்தோ சுத்தி செய்கிறார்கள். சீனர்கள் இதே இனத்துக் கிழங்கை உப்புநீரில் ஊறவைத்து அவித்து, அந்த வேலையைப் 'பாவ்ஷி' என்கிறார்கள். நெடுநேரம் கொதித்தால் அகோனிட்டின் சிதைந்து, வீரியம் மிகக் குறைந்த வேறு பொருள்களாக மாறுகிறது. ஆகவே அரைவேக்காட்டில் இறக்கினால் ஆபத்து நீங்காது. இந்த வேலை வீட்டு அடுப்பில் செய்யத்தக்கதல்ல என்பது என் கருத்து.

கடையில் வாங்கும் தயாரிப்புகளுக்கு 2000-ஆம் ஆண்டிலிருந்து மத்திய அரசின் உற்பத்தி விதிமுறைகள் உண்டு. ஆனாலும், அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. எனவே உரிம எண், தயாரித்த தேதி பார்த்து வாங்குங்கள். சேராங்கொட்டை, நாபி, எட்டி சேர்ந்த உள்மருந்தானால், மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளவேண்டும் என்ற எச்சரிக்கை உறையில் இருக்கவேண்டும். சட்டம் அதை ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் கேட்கிறது. தமிழும் கன்னடமும் கட்டாயமில்லை. பெரியவர்களுக்குப் பிள்ளைகள்தான் படித்துச் சொல்லவேண்டும்.