நீச்சல் தடாகம் கட்டுவது இருக்கட்டும், அதை நடத்தப் போவது யார்?

நமுனுகுல மலையடிவாரத் தோட்டங்களில் வளரும் பிள்ளைகளுக்கு நீச்சல் என்றால் ஓடையும் ஆறும் அருவியடிக் குழியும்தான். முறையாகக் கற்றுக்கொடுக்க ஆளில்லை; அமிழ்ந்தால் தூக்கிவிடவும் பயிற்சி பெற்றவர் இல்லை. பதுளை மாவட்டத்தின் ராவணா எல்ல, தியலும போன்ற இடங்களில் விடுமுறை நாட்களில் கூட்டம் பெருகும்போது ஆபத்தும் கூடுகிறது.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி, 2021இல் உலகில் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் 30 வயதைத் தொடாதவர்கள். பத்தில் ஒன்பது மரணங்கள் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் நிகழ்கின்றன. ஆகவே பொது நீச்சல் தடாகம் வேண்டும் என்ற கோரிக்கை ஆடம்பரமானதல்ல. ஆனால் அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: திறப்பு விழா முடிந்த மறுநாள் அதை யார் நடத்துவது?

முதலில் நீர். 25 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமும் சராசரியாக 1.4 மீற்றர் ஆழமும் கொண்ட சிறிய தடாகத்துக்கே 3 இலட்சத்து 50 ஆயிரம் லீற்றர் நீர் தேவை. ஊவாவில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறட்சி. லயன்களுக்கே ஊற்றுநீர் குறையும் அந்த மாதங்களில் தடாகத்துக்கு எங்கிருந்து நீர் எடுப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். நீரில் குளோரின் லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. பி.எச். அளவு 7.2க்கும் 7.8க்கும் இடையில் இருக்க வேண்டும். அது கூடினால் குளோரினின் வலு குறைந்துவிடும். நாளொன்றுக்குப் பல தடவை சோதித்துப் பதிவேட்டில் எழுதுவது உதவி முகாமையாளரின் வேலை. குளோரினும் அமிலமும் கலந்தால் நச்சுவாயு கிளம்பும் என்பதால் இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது.

இரண்டாவது கண்காணிப்பு. மூழ்குபவர் கத்திக் கூப்பிடுவார் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மூச்செடுக்கவே வாய் போதாதபோது குரல் எழும்பாது. ஒரு நிமிடத்துக்குள் சத்தமின்றி எல்லாம் முடிந்துவிடலாம். ஆகவே உயிர்காப்பாளரின் கண் நீரை விட்டு அகலக் கூடாது. அவரையே நுழைவுச்சீட்டு விற்கவும் நிலம் கழுவவும் அனுப்பினால், அந்த நேரத்தில் தடாகத்துக்குக் காவலில்லை என்றே பொருள். அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆளை மாற்றவும் வேண்டும். எனவே இரண்டு கதிரைகளுக்கு மூன்று பேராவது தேவை. செலவைக் குறைப்பதற்காக அந்த மூன்றாவது ஆளை வெட்டுவதுதான் மிக ஆபத்தான சிக்கனம். பெண் உயிர்காப்பாளர் இருந்தால்தான் பெண் பிள்ளைகளைத் தைரியமாக அனுப்புவார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது பருவகால ஊழியர்கள். ஏப்ரல், ஆகஸ்ட் விடுமுறைகளில் கூட்டம் அதிகம். ஒக்டோபருக்குப் பின் மழையும் குளிரும். ஆண்டு முழுவதும் எல்லோரையும் வைத்திருக்க முடியாது. கொழும்புக் கடைகளுக்குப் போகும் தோட்டத்து இளைஞர்களுக்கு இது சொந்த ஊரிலேயே கிடைக்கும் வேலையாகலாம். ஆனால் "தற்காலிக வேலைதானே" என்று உரிமைகளை மறுக்க முடியாது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிக, அமைய ஊழியர்களுக்கும் முதல் நாளிலிருந்தே பொருந்தும். தொழில் தருநர் 12 சதவீதம், ஊழியர் 8 சதவீதம் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 சதவீதம் தொழில் தருநரின் பொறுப்பு. 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஆபத்தான வேலையில் ஈடுபடுத்துவதற்கும் தடை உண்டு. ஒவ்வொரு பருவமும் தொடங்குமுன் நீச்சல், மீட்பு, முதலுதவி மூன்றிலும் மீள்பயிற்சி அவசியம். சென்ற ஆண்டு தேறியவர் இந்த ஆண்டும் தயார் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இதையெல்லாம் பொறுப்பேற்கக்கூடிய நிறுவனம் பிரதேச சபை. தோட்டப் பகுதிகளுக்குச் சேவை வழங்கப் பல தசாப்தங்களாக இருந்த சட்டத்தடை 2018இல் செய்யப்பட்ட திருத்தத்தோடு நீங்கியது. இனிச் சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது. கட்டடத்துக்கான ஒதுக்கீட்டோடு ஆண்டுதோறும் சம்பளத்துக்கும் குளோரினுக்குமான ஒதுக்கீட்டையும் மக்கள் கேட்க வேண்டும்.

பெரிய தடாகம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பங்களாதேஷில் கிராமத்துக் குளங்களில் மூங்கில் மேடை அமைத்து, பயிற்றப்பட்ட உள்ளூர் இளைஞர்களைக் கொண்டே பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்கிறார்கள். அங்கும் அடிப்படை ஒன்றுதான்: பயிற்சி பெற்ற, சம்பளம் பெறும் ஒருவரின் கண் நீரில் இருக்க வேண்டும்.

அதுவரை பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டியது இது: யாராவது மூழ்கினால் பின்னால் குதிக்க வேண்டாம். கரையில் நின்றபடியே கயிறு, நீளத் தடி, மூடிய வெற்றுக் கேன், எது கையில் கிடைக்கிறதோ அதை நீட்டுங்கள் அல்லது எறியுங்கள். சத்தம் போட்டுப் பெரியவர்களை அழையுங்கள்.